மறு: 'பர்மிஷன்' – அனுமதியா, இசைவா, உரிமையா?

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளக் கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய கணினியின் வன்தட்டைப் புதியதில் மாட்டினால் வீட்டுப் படங்கள் திறக்காமல் போவதைப் பற்றிய பகுதியில் நிற்கிறேன். பயனர் பெயர் ஒன்றுதான், ஆனால் அங்கே பயனர் எண் 1001, இங்கே 1000. லினக்ஸ் எண்ணைத்தான் பார்க்கும். படத்தைத் திறந்தால் 'பர்மிஷன் டினைட்', பிழை எண் 13. சரி, யார் படிக்கலாம், எழுதலாம் என்பதை மாற்றும் சிஎச்மாட் கட்டளையைப் போடலாம் என்றால் 'ஆபரேஷன் நாட் பர்மிட்டட்', பிழை எண் 1. இரண்டையும் 'அனுமதி இல்லை' என்றே எழுதினால் வாசகர் குழம்புவார். என்ன செய்யலாம்?

– மொழிபெயர்ப்பாளர், திருச்சி

---

அனுமதி வடசொல். 'இசைவு' இருக்க அது எதற்கு? இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். 'ஈதல் இசைபட வாழ்தல்' என்னும்போது அதே இசை புகழாகிறது. எண் 13-க்கு 'அணுக்கம் இல்லை' எனலாம். அண்மை, அண்டை, அண்டு, அணை, அணுகு எல்லாம் ஒரே வேர். 'அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க' என்ற குறள் வேந்தனிடம் எவ்வளவு நெருங்கலாம் என்றுதானே பேசுகிறது? கோப்பிலும் அதே கேள்விதான்.

– தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சை

---

ஐயா, வேர் விளக்கம் அருமை. ஆனால் 'இசைவு மறுக்கப்பட்டது' என்று திரையில் வந்தால் என் பிள்ளைகள் பாட்டு ஓடவில்லை என்று நினைப்பார்கள். 'உரிமை'யும் வேண்டாம். கோப்பை 044 என்று வைத்தால் (இலக்கங்கள் வரிசையாக உரிமையாளர், குழு, மற்றவர்களுக்கு; 4 படிக்க, 2 எழுத, 1 இயக்க) அதன் உரிமையாளராலேயே படிக்க முடியாது. உரிமையாளருக்கு உரிமை இல்லை என்றா எழுதுவது?

எனக்குப் பெரிய சிக்கல் அந்த 1-ஐக் குறிக்கும் 'எக்ஸ்' எழுத்து, அதாவது 'எக்ஸிக்யூட்'. 'இயக்கு' என்கிறோம். கோப்புறையை எப்படி இயக்குவது? கோப்புறைக்கு 744 கொடுத்துப் பாருங்கள்: மற்றவர்களுக்கு உள்ளிருக்கும் பெயர்கள் தெரியும், ஒரு கோப்பும் திறக்காது. கதவு பூட்டிய வீட்டின் ஜன்னல் வழியே பார்ப்பது போல. ஆகவே கோப்புக்கு 'இயக்கு', கோப்புறைக்கு 'நுழை'. இது புரியாததால்தான் பலரும் எல்லாவற்றுக்கும் 777 போட்டு, யார் வேண்டுமானாலும் அழிக்கும்படி விட்டுவிடுகிறார்கள்.

– கணினி ஆசிரியை, மதுரை

---

ஒரே எழுத்துக்கு இரண்டு சொல்லா? 755-இல் உள்ள 5 என்பது 4+1. அந்த 1 ஓரிடத்தில் இயக்கு, இன்னோரிடத்தில் நுழை என்றால் அட்டவணையே இரண்டு போட வேணும். அப்புறம், எங்கட பக்கம் அனுமதி என்றதும் சாரதி அனுமதிப்பத்திரம் (உங்கட ஓட்டுநர் உரிமம்)தான் நினைவுக்கு வரும். கையில் இருக்கிற பத்திரம் அது. கோப்பில் ஒட்டியிருக்கிற குறிக்கு 'அணுகல் விதி' பொருந்தும்.

– யாழ்ப்பாணத்திலிருந்து

---

எல்லாருக்கும் நன்றி. நேரம் இல்லை, 'அனுமதி' என்றே வைக்கிறேன். எண் 13 'அணுக அனுமதி இல்லை', எண் 1 'இச்செயலுக்கு அனுமதி இல்லை'. கோப்புறைக்கு 'நுழை', அட்டவணை இரண்டாகத்தான் வரும். முதலில் உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன், அப்புறம் சிஎச்மாட் என்ற வரிசையையும் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

– திருச்சி

---

அணுகு வந்தது மகிழ்ச்சி. அனுமதிக்கு நான் இசையவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுப்புவேன்.

– தஞ்சை