பொம்பெயியும் நேப்பிள்ஸ் தெருச் சாப்பாடும்: ஒரே நாளில் போய் வந்தவர்களின் அனுபவங்கள்

டுரினிலிருந்து

காலையில் பொம்பெயி இடிபாடுகள், மத்தியானத்துக்கு மேல் நேப்பிள்ஸ் தெருக்களில் சாப்பாடு என்று வழிகாட்டியோடு போகும் ஒருநாள் பயணம் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். போன மாதம் அப்பாவோடு போய் வந்தேன். அப்பா புதுக்கோட்டைப் பக்கம் முப்பத்திரண்டு வருஷம் மாவு மில் நடத்தியவர். இத்தாலிக்கு இதுதான் முதல் தடவை.

காலை எட்டரைக்கு நேப்பிள்ஸ் கரிபால்டி ஸ்டேஷனில் கூடினோம். எங்களையும் சேர்த்துப் பதினொரு பேர். வழிகாட்டி உள்ளூர்ப் பெண், தொல்லியல் படித்தவர். சொரெண்டோ போகும் ரயிலில் ஏறி முப்பத்தைந்து நாற்பது நிமிஷத்தில் 'பொம்பெயி ஸ்காவி' ஸ்டேஷனில் இறங்கிவிடலாம். நின்றுகொண்டேதான் போனோம். ஜன்னல் வழியே வெசுவியஸ் மலை கூடவே வந்தது. அது கடைசியாக வெடித்தது 1944-ல்தான் என்று வழிகாட்டி சொன்னதும், அதன் சரிவில் வரிசையாக நிற்கும் வீடுகளை அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொம்பெயி என்ற ரோமானிய ஊரைச் சாம்பலில் புதைத்த வெசுவியஸ் வெடிப்பு நடந்தது கி.பி. 79-ல். ஆகஸ்ட் 24 என்றுதான் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். 2018-ல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய ஒரு வரி கிடைத்தது. அதில் அக்டோபர் 17-க்கு இணையான தேதி இருந்தது. சும்மா கிறுக்கிய கரி எழுத்து அதிக நாள் தங்காது. அதனால் ஊர் அழிந்தது அக்டோபர் கடைசியில்தான் இருக்கவேண்டும் என்று இப்போது பலர் நம்புகிறார்கள். யாரோ போகிற போக்கில் கிறுக்கியது, புத்தகங்களில் இருந்த தேதியையே அசைத்துவிட்டது.

ஃபோரம் என்ற ஊர்ச் சதுக்கம், கோயில்கள், குளியல் மண்டபம் எல்லாம் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். தெருக்களை மட்டும் சொல்லவேண்டும். கருங்கல் பாவிய தெரு, வண்டிச் சக்கரம் ஓடி ஓடி விழுந்த பள்ளம், மழைத் தண்ணீரிலும் சாக்கடையிலும் கால் படாமல் கடக்க நடுவில் உயர்த்திப் போட்ட படிக்கற்கள். வண்டி தடையில்லாமல் போக அந்தக் கற்களுக்கு இடையே அளவாக இடைவெளியும் விட்டிருக்கிறார்கள்.

இறந்தவர்களின் உருவங்கள் இருக்கும் இடத்தில் எங்கள் குழுவில் யாரும் பேசவில்லை. சாம்பல் இறுகி, உள்ளே உடல் மக்கிப்போய், ஆள் படுத்த வடிவத்திலேயே வெற்றிடம் நின்றுவிட்டது. 1863-ல் ஜியூசெப்பே ஃபியோரெல்லி என்ற அகழ்வாளர் அந்தப் பொந்துக்குள் ஜிப்சம் சாந்தை ஊற்றி வார்த்தெடுத்தார். துணி மடிப்புகூடத் தெரிகிறது. கையால் முகத்தை மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்தபின், கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அங்கிருந்து பேக்கரிக்குப் போனோம். பொம்பெயியில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட பேக்கரிகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. ஒரு முற்றத்தில் கல் இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. கீழே கூம்பு மாதிரி ஒரு கல், அதன்மேல் உடுக்கை மாதிரி இடுப்புச் சிறுத்த இன்னொரு கல். உடுக்கையின் மேல் பாதியில் கோதுமையைக் கொட்டினால், இரண்டு கல்லுக்கும் நடுவே அரைபட்டுக் கீழே மாவாக விழும். இடுப்பில் சதுரமான துளைகள். அதில் மரம் செருகிக் கழுதையைக் கட்டிச் சுற்றவிடுவார்கள், நம்மூர்ச் செக்கு மாதிரி.

அப்பா குனிந்து கல்லின் முகத்தைப் பார்த்தார். சின்னச் சின்ன ஓட்டைகள் நிறைந்த எரிமலைக் கல். "இந்தக் கல்லுக்குக் கொத்து தேவைப்படாதும்மா. தேயத் தேய ஓட்டையோட விளிம்பு புதுசா வந்துக்கிட்டே இருக்கும்" என்றார். மில்லில் கல் மழுங்கினால் உளி வைத்துக் கொத்தவேண்டும். சின்ன வயதில் அந்த 'டக் டக்' சத்தத்தில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். அப்பா சொன்னதை இத்தாலியனில் சொன்னேன். வழிகாட்டி முகம் மலர்ந்துவிட்டது. இந்த வகைக் கல்லைத் தேடி எடுத்ததற்குக் காரணமே அதுதான் என்றார். அதன்பின் அந்த அம்மா ஒவ்வொரு கடையிலும் "உங்க அப்பா என்ன சொல்கிறார்?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

ஒரு பேக்கரி அடுப்பில் 81 ரொட்டிகள் கரிந்த நிலையில் அப்படியே கிடைத்தனவாம். வட்ட ரொட்டி, எட்டுத் துண்டாகப் பிட்க வசதியாக மேலே கீறல். 2023 டிசம்பரில் அறிவித்த இன்னொரு பேக்கரியைப் பற்றியும் சொன்னார். வெளி உலகம் தெரியாத இருட்டு அறை, மேலே கம்பி போட்ட சின்ன ஜன்னல்கள். அடிமைகளும் கழுதைகளும் அதற்குள்ளேயே அடைந்து கிடந்து மாவு அரைத்திருக்கிறார்கள். ஒன்றோடொன்று முட்டாமல் சுற்றுவதற்காகத் தரைக்கல்லில் பிறை வடிவத்தில் தடம் வெட்டியிருந்தார்களாம். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கழுதைக்குக் கண்ணைக் கட்டியிருப்பாங்க. மனுஷனுக்கு என்ன பண்ணினாங்களோ" என்றார். இதைப் பத்து மணி வெயிலில் நின்று கேட்டதை நான் மறக்கமாட்டேன்.

அடுத்தது சாப்பாட்டுக் கடை. தெருவைப் பார்த்த மேடை, மேலே உடைந்த பளிங்குத் துண்டுகளைச் சேர்த்துப் பதித்திருக்கிறார்கள், அதற்குள் வாய் மட்டும் தெரிகிற பெரிய மண்பானைகள். தெர்மோபோலியம் என்று பெயர். மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்த ஏழைகளுக்குச் சமையல்கட்டு ஏது? அவர்கள் இங்கேதான் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒரு கடையின் பானையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. 2020-ல் முழுதாகத் தோண்டி எடுத்த கடையையும் பார்த்தோம். மேடையின் முகப்பில் தலைகீழாகத் தொங்கும் இரண்டு வாத்துகள், ஒரு சேவல், கட்டிப்போட்ட ஒரு நாய், வண்ணம் மங்காமல் இருக்கின்றன. அந்தக் கடையில் வாத்து எலும்பு, பன்றி, ஆடு, மீன், நத்தை எல்லாவற்றின் மிச்சமும் கிடைத்தன. ஒயின் ஜாடியின் அடியில் அரைத்த மொச்சை வகைப் பயறு இருந்தது. பானையில் என்ன வைத்திருப்பார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மண்பானையைக் கழுவுவது கஷ்டம், அதனால் பருப்பு, கொட்டை மாதிரி காய்ந்த சாமான்தான் என்பது ஒரு கட்சி. அப்பாவும் அந்தக் கட்சிதான்.

இரண்டு மணிக்கு நேப்பிள்ஸ் திரும்பி, பழைய நகரத்தின் வியா தெய் திரிபுனாலி தெருவுக்கு வந்தோம். இந்த வரிசையைத்தான் நான் எல்லாரிடமும் வற்புறுத்துகிறேன்: முதலில் இடிபாடு, அப்புறம் சாப்பாடு. அந்தப் பளிங்கு மேடையைப் பார்த்த கண்ணோடு வந்தால்தான் இங்கே கடை முகப்பில் கை நீட்டி வாங்கி, நின்றுகொண்டே சாப்பிடுகிற கூட்டம் என்னவென்று புரியும்.

முதலில் குவோப்போ: காகிதக் கூம்பில் சூடாகப் பொரித்த உருளைக்கிழங்கு உருண்டை, மாவுப் பக்கோடா, குட்டி மீன். அப்புறம் பீட்சா. உட்கார்ந்து சாப்பிடும் பீட்சா இல்லை, நாலாக மடித்துக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுப்பது. பர்ஸ் மாதிரி மடிப்பதால் 'அ போர்த்தாஃபோல்யோ'. இரண்டு யூரோ சொச்சம்தான். கிட்டத்தட்ட 450 டிகிரிச் சூட்டில் விறகடுப்பில் ஒன்று ஒன்றரை நிமிஷம். ஓரம் உப்பி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்ததும் எடுத்துவிடுகிறார்கள். நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்களின் கைத்தொழிலை 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அப்பா மேடையில் சிந்தியிருந்த மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல், பிசைந்து புளிக்கவைத்த உருண்டை ஒன்றை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். அப்பா அதை அமுக்கினார், அது மெதுவாக எழுந்தது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடத் தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, எலுமிச்சை சோடா. தெருமுனைப் பெட்டிக்கடையில் பெரிய எலுமிச்சையைப் பிழிந்து, சோடாத் தண்ணீர் விட்டு, கடைசியில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவைப் போடுகிறார்கள். பொங்கி வழியும், உடனே குடிக்கவேண்டும். செருப்பு நனையாமல் இருக்கக் காலை அகட்டி நின்று குனிந்து குடிப்பதால் இதற்குப் பெயரே 'கால் அகட்டி எலுமிச்சை'. பொரித்ததெல்லாம் ஜீரணமாகிவிட்டது.

பர்மிங்ஹாமிலிருந்து

சைவம் சாப்பிடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். நானும் மனைவியும் இதே மாதிரி ஒரு பயணம் போனோம். நேப்பிள்ஸில் பன்றிக்கொழுப்பு நினைத்துப் பார்க்காத இடத்திலெல்லாம் இருக்கிறது. மிளகும் பாதாமும் போட்ட தராலோ என்ற வளைய பிஸ்கட் நம் முறுக்கு மாதிரியே கரகரப்பாக இருக்கும். அதில் சேர்ப்பது அந்தக் கொழுப்புதான். ரவையும் ரிக்கோட்டா பாலாடையும் பூரணமாக வைத்த ஸ்ஃபோல்யத்தெல்லா என்ற இனிப்பிலும், மேல் மாவை மடிப்பு மடிப்பாக எடுக்கப் பழைய முறைப்படி அதையே தடவுவார்கள். பன்றிக்கொழுப்புக்கு அங்கே 'ஸ்த்ருத்தோ' என்று பெயர், 'ஸ்த்ருத்தோ இருக்கிறதா' என்று ஒரு வார்த்தை கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள், மழுப்புவதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடியது மரினாரா பீட்சா. தக்காளி, பூண்டு, ஓரெகனோ, எண்ணெய் மட்டும்தான், சீஸ்கூடக் கிடையாது. நான் மூன்று சாப்பிட்டேன். எரிமலை மண்ணில் விளைந்த தக்காளிக்கு அப்படி ஒரு புளிப்பும் இனிப்பும். இந்தத் தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, பொம்பெயிக்காரர்கள் அதைக் கண்ணால் பார்த்ததேயில்லை என்று வழிகாட்டி சொன்னார். 2023-ல் அங்கே ஒரு சுவரோவியம் கிடைத்தபோது 'பழைய பீட்சா' என்று செய்தி வந்ததே, அதில் இருப்பது தட்டை ரொட்டியின் மேல் வைத்த பழங்கள்.

சிங்கப்பூரிலிருந்து

எங்களுக்கு அமைந்தது நல்ல அனுபவம் இல்லை. ரோமிலிருந்து பேருந்தில் கூட்டிப்போனார்கள், ஐம்பதுக்கு மேல் ஆட்கள். பொம்பெயிக்குள் ஒன்றே கால் மணி நேரம்தான். தெருச் சாப்பாடு என்று போட்டுவிட்டு, ஒரு ஹாலில் வரிசையாக உட்காரவைத்து ஆறிப்போன பீட்சா கொடுத்தார்கள். என் மகள் படக்கதையில் படித்திருந்த படிக்கற்களில் தாண்டிப் போகவேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவுக்கே கூட்டிப்போகவில்லை. பணம் கட்டுவதற்கு முன்பு உள்ளே எத்தனை மணி நேரம், எந்தெந்தத் தெரு, குழுவில் எத்தனை பேர் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இடம் 66 ஹெக்டேர், அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

ரோட்டர்டாமிலிருந்து

முடிந்தால் அடுத்த நாளும் நேப்பிள்ஸில் தங்கி, தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. பொம்பெயியில் வெறும் சுவராகப் பார்த்ததன் உயிரெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

நான் தேடிப்போனது தந்தத்தில் செய்த ஒரு பெண் சிலை. 1938-ல் அமெதேயோ மையூரி என்ற அகழ்வாளர் பொம்பெயியின் ஒரு வீட்டில் கண்டெடுத்தது, உயரம் சுமார் 25 சென்டிமீட்டர். லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள், யட்சியாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். இதே சாயலில் மகாராஷ்டிரத்தின் போகர்தனிலும் சிற்பம் கிடைத்திருக்கிறது. இடுப்பணி, கை நிறைய வளையல், நம் கோயில் தூணில் பார்க்கிற அதே நிற்கும் பாங்கு. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று முசிறியைப் பற்றிச் சங்கப் பாட்டில் படித்த நமக்கு, அந்தக் கடல்வழியில் போன ஒரு பொருளை நேரில் பார்ப்பது என்னவோ செய்கிறது. நான் இருபது நிமிஷம் நின்றேன்.

அதே கட்டிடத்தில் கரிந்த ரொட்டியும் இருக்கிறது. பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒரு ரொட்டியின் மேல் முத்திரை: 'குவின்டஸ் கிரானியஸ் வேருஸின் அடிமை செலர்' என்று. சுட்டவரோ, சுடக் கொடுத்தவரோ, அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது.

டுரினிலிருந்து, மறுபடியும்

வயதானவர்களைக் கூட்டிப்போகலாமா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம், அப்பாவுக்கு 68. ஆனால் செருப்பு வேண்டாம், அடிப்பகுதி வழுக்காத ஷூ வேண்டும். அந்தக் கற்கள் வழவழப்பாக இருக்கின்றன. நிழல் குறைவு, தொப்பி கட்டாயம். தெருமுனைகளில் கல் முகம் வைத்த பழைய நீரூற்றுகள் சிலவற்றில் இன்றும் குடிதண்ணீர் வருகிறது, பாட்டிலை நிரப்பிக்கொண்டே போகலாம். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, டிக்கெட்டில் பெயர் போட்டுத்தான் தருகிறார்கள். அதனால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள்.

ரோட்டர்டாம் நண்பர் எழுதியதை நேற்று அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். செலர் என்ற பெயரை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். மே மாதம் மறுபடி வருகிறார், செவ்வாய்க்கிழமை இல்லாமல் பார்த்து நேப்பிள்ஸுக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறார்.