டெல்டாவுல உள்ளூர் நிருபரா வரணும், அமெரிக்காவுல கறுப்பினப் பத்திரிகையாளர்களுக்கு இருக்கிற மாதிரி நமக்கு ஏதாவது அமைப்பு இருக்கா?

நீடாமங்கலம்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்துல ஒரு கிராமம், காலனியில இருந்து வர்றேன், மாஸ் கம்யூனிகேஷன்ல எம்.ஏ. முடிச்சாச்சு. சென்னைக்குப் போ, சேனல் எல்லாம் அங்கதான் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எனக்கு இங்கயே இருந்து நெல் கொள்முதல் நிலையம், கடைமடைக்கு வராத தண்ணி, சுடுகாட்டுக்குப் பாதை இல்லாத ஊருன்னு இதையெல்லாம் எழுதணும்னுதான் ஆசை. ஒரு பத்திரிகையில தாலுகா நிருபர் வேலைக்குக் கேட்டுப் போனேன். எந்த ஊருன்னு கேட்டாங்க, சொன்னேன், அடுத்தது எந்தத் தெருன்னு கேட்டாங்க, அதையும் சொன்னேன், அதுக்கப்புறம் நான் எழுதி எடுத்துட்டுப் போன செய்தியை யாரும் கையில கூட வாங்கல, மாசம் எவ்வளவு விளம்பரம் புடிச்சுத் தருவேன்னுதான் பேச்சு.

அமெரிக்காவுல கறுப்பினப் பத்திரிகையாளர்களுக்குன்னு பெரிய சங்கம் இருக்கு, வேலை வாங்கவே உதவுதுன்னு கிளாஸ்ல சொன்னாங்க. அது நிஜமா எப்படி நடக்குது? நம்ம பக்கம் அப்படி எதாச்சும் இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குடந்தை டு அட்லாண்டா:

நமக்கு ஊரு கும்பகோணம், இப்ப அட்லாண்டாவுல இருக்கேன், இங்க லோக்கல் டிவியில வேலை பாக்குற கறுப்பின நண்பர்கள் சில பேரு பழக்கம், அவங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சதையும் படிச்சதையும் வெச்சு சொல்றேன்மா.

நீங்க சொல்றது என்.ஏ.பி.ஜே., அதாவது கறுப்பினப் பத்திரிகையாளர்களோட தேசிய சங்கம். 1975 டிசம்பர் 12ல வாஷிங்டன்ல 44 பேரு சேந்து ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி கதை ஒண்ணு இருக்கு. 1967ல டெட்ராய்ட், நெவார்க்னு ஊரு ஊரா கலவரம் வந்தப்ப பெரிய பெரிய பத்திரிகைக்கே அந்தத் தெருவுக்குள்ள போயி விசாரிச்சு எழுத ஆளு இல்ல. அந்தக் கலவரம் ஏன் வந்துச்சுன்னு விசாரிக்க அரசாங்கம் போட்ட கெர்னர் கமிஷனோட அறிக்கை 1968ல வந்துச்சு, அது இதை நேராவே சொல்லிடுச்சு, செய்தி ஆசிரியர் பிரிவு வேலையில கறுப்பினத்தவங்க 5 சதவீதம் கூட இல்ல, முடிவெடுக்குற நாற்காலியில 1 சதவீதம் கூட இல்லன்னு. அதுக்கப்புறம்தான் பல இடத்துல கதவே திறந்துச்சு.

வேலை விஷயத்துக்கு வர்றேன். வருஷா வருஷம் மாநாடு நடக்கும், அதுல ஒரு பெரிய ஹால் முழுக்க வேலைவாய்ப்பு மேளா, டிவி ஸ்டேஷன், பத்திரிகைன்னு மேஜை போட்டு உக்காந்திருப்பாங்க. பசங்க தாங்க எடுத்த வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டுவாங்க, நியூஸ் டைரக்டர் அங்கயே பாத்துட்டு இந்த இடத்துல குரலு ஏறுது, இந்த ஷாட்டு தேவையில்லன்னு சொல்லுவாரு. இங்க லோக்கல் டிவியை 210 மார்க்கெட்டா, அதாவது ஊரும் சுத்துவட்டாரமும் சேந்த பகுதிகளாப் பிரிச்சு வெச்சிருக்காங்க, புதுசா வர்றவங்க பெரும்பாலும் சின்ன ஊருலதான் ஆரம்பிக்கணும், அந்த நியூஸ் ரூம்ல கறுப்பினத்தவர் நீங்க ஒருத்தர் மட்டுமா கூட இருப்பீங்க. அங்கதான் சங்கம் ரொம்ப உதவும்னு என் நண்பர்கள் சொல்றாங்க. காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எந்த வரியைப் படிக்கணும், எத்தனை வருஷம் வேற ஸ்டேஷனுக்குப் போகமுடியாம கட்டிப்போடுவாங்கன்னு சீனியருங்க போன்லயே சொல்லிக் குடுப்பாங்க. சுருட்டை முடியோட ஸ்க்ரீன்ல வரக்கூடாது, நேராக்கிட்டு வான்னு ரொம்ப காலமா பொண்ணுங்களைச் சொல்லியிருக்காங்க, அதுக்கு எதிரா நிக்கவும் ஆளு வேணுமில்ல. தேசிய சங்கம் போக ஊருக்கு ஊரு தனிக் கிளை இருக்கு, அட்லாண்டாவுலயும் இருக்கு.

ஓ.என்.ஆர்.:

தப்பா நினைக்காதீங்க சகோ, எனக்கு ஒரு சந்தேகம். தனியா சங்கம்னு ஆரம்பிச்சா காலனி நிருபர்னு முத்திரை குத்தி, வன்கொடுமை செய்தி வந்தா மட்டும் கூப்பிட மாட்டாங்களா? இருக்குற பத்திரிகையாளர் சங்கத்துலயே சேந்துக்கிட்டா என்ன?

திருவாரூர் ஸ்ட்ரிங்கர்:

ஓ.என்.ஆர். தம்பிக்கு முதல்ல. சங்கம் இல்லாமலேயே முத்திரை குத்தித்தான் வெச்சிருக்காங்க தம்பி. 1996ல அமெரிக்காவோட வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைக்கு டெல்லி நிருபரா இருந்த கென்னத் கூப்பர், அவரே கறுப்பினத்தவர், தலித் பத்திரிகையாளர் ஒருத்தர்கிட்ட பேசணும்னு பி.என். உனியால்னு ஒரு டெல்லி பத்திரிகையாளர்கிட்ட கேட்டாரு. உனியாலும் டெல்லியில அரசு அங்கீகாரம் வாங்கின நிருபருங்க பட்டியலையே வெச்சு தேடிப் பாத்தாரு, ஒருத்தர் கூட கிடைக்கல, அதையே பயனியர் பத்திரிகையில கட்டுரையா எழுதினாரு. சரி அது பழைய கதைன்னு வைங்க, 2019ல ஆக்ஸ்ஃபாம்ங்கிற தொண்டு நிறுவனமும் நியூஸ்லாண்டரிங்கிற செய்தி இணையதளமும் எடுத்த ஆய்வுல, இந்திய செய்தி நிறுவனங்கள்ல பாத்த தலைமைப் பொறுப்பு 121ல 106 உயர்சாதிக்காரங்க, எஸ்.சி., எஸ்.டி. ஒருத்தர் கூட இல்ல. இருக்குற சங்கத்துலயும் சேரட்டும், நானும் அதுல இருக்கேன், ஆனா எந்தத் தெருன்னு கேட்டதை அங்க எந்திரிச்சு சொன்னா பக்கத்துல யாரு நிப்பாங்க?

தங்கச்சி, நம்ம ஊரு நிலவரத்தை மறைக்காம சொல்லிடறேன். ஸ்ட்ரிங்கருக்கு, அதாவது நிரந்தர வேலை இல்லாத பகுதிநேர நிருபருக்கு, பல இடத்துல சம்பளம்னே ஒண்ணு கிடையாது, செய்திக்கு இவ்வளவுன்னு வரும், மத்தபடி விளம்பரக் கமிஷன். தீபாவளி மலர், கோயில் கும்பாபிஷேகம், கட்சிக்காரர் பொறந்தநாளு, இதுக்கு யாருகிட்ட விளம்பரம் வாங்குவோம்? நெலம் வெச்சிருக்கவரு, ரைஸ் மில்காரரு, கடைக்காரரு. நம்ம சனத்துல எத்தனை பேரு மில்லு வெச்சிருக்காங்க? அதனால திறமை இருந்தும் நம்ம பசங்க ரெண்டு வருஷத்துல விட்டுட்டு திருப்பூர் போயிடறாங்க. எனக்கு இதுதான் பெரிய வருத்தம், எழுதத் தெரியாம யாரும் போகல.

இதே மண்ணுல 1968ல கீழ்வெண்மணியில தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேந்த 44 பேரை உசுரோட எரிச்சாங்க. அந்தத் தெருவுல பொறந்த புள்ள அன்னைக்கு நிருபரா இருந்திருந்தா எப்படி எழுதியிருக்கும்னு நான் அடிக்கடி நினைப்பேன். நமக்கு மரபு இல்லாம இல்ல, ரெட்டமலை சீனிவாசன் 1893லயே பத்திரிகை நடத்தினாரு, அயோத்திதாசர் 1907ல ‘ஒரு பைசாத் தமிழன்’ ஆரம்பிச்சாரு. நமக்கு விட்டுப்போனது அமைப்புதான்.

மாயவரம் கேமரா அக்கா:

அண்ணன் சொன்னது அத்தனையும் நிஜம், ஆனா புள்ளையைப் பயமுறுத்தி அனுப்பிடாதீங்க.

இங்க பாரும்மா, உ.பி.யில சித்ரகூடத்துல 2002ல கபர் லஹரியான்னு ஒரு பத்திரிகை, பெரும்பாலும் தலித் பொண்ணுங்கதான் நிருபருங்க, அவங்க பேசுற வட்டார மொழியிலயே ஆரம்பிச்சு இப்ப செல்போன்ல வீடியோ எடுத்துப் போடறாங்க. அதனால சென்னையில ஆபீஸ் இருந்தாத்தான்னு இல்ல. படிக்கணும்னா சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்துல தலித், பழங்குடி மாணவர்களுக்கு உதவித்தொகை குடுத்திருக்காங்க, இந்த வருஷ விவரத்தை அவங்ககிட்டயே கேட்டுடு.

தொழில்ல ஒண்ணே ஒண்ணு சொல்றேன். கொள்முதல் நிலையத்துக்குப் போனா மூட்டை நனைஞ்சு கெடக்குறதை மட்டும் எடுத்துட்டு வராத, அதைத்தான் எல்லாரும் எடுப்பாங்க. ஈரப்பதம் பாக்குற மெஷினை எடு, 17 சதவீதத்துக்கு மேல போனா திருப்பி அனுப்பறாங்களே அந்த நம்பர் தெரியற மாதிரி எடு. குத்தகைக்கு ஓட்டுறவரு பேருல சிட்டா, அதான் நிலம் யாரு பேருல இருக்குன்னு காட்டுற பதிவு, இருக்கான்னு கேளு, இல்லாதவரு அங்க எப்படி நெல்லு போடறாருன்னு கேளு. சுமை தூக்குறவங்க கூட உக்காந்து டீ குடி. அவங்க உங்கிட்ட பேசுற மாதிரி மத்த நிருபருங்ககிட்ட பேச மாட்டாங்க. ஓ.என்.ஆர். தம்பி, நெல்லு செய்தியிலயே நம்ம புள்ள நல்லா வந்துட்டா வன்கொடுமைக்கு மட்டும் எப்படி கூப்பிடுவாங்க?

நீடாமங்கலம்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த சிட்டா விஷயம் எங்க அப்பாவுக்கே நடந்திருக்கு, குத்தகை நெல்லு, வேற ஒருத்தர் பேருலதான் போட்டோம். அதையே முதல் செய்தியா எழுதட்டுமா? எழுதினா யாருகிட்ட காட்டறது?

திருவாரூர் ஸ்ட்ரிங்கர்:

எழுது தங்கச்சி. அப்பா பேரு வேணாம், நெலத்துக்காரரு பேரும் வேணாம், அதே மாதிரி இன்னும் நாலஞ்சு பேரை வேற வேற ஊருல பாத்துப் பேசு, அப்பதான் அது செய்தி. கொள்முதல் அதிகாரிகிட்டயும் ஒரு பதில் வாங்கிடு. எனக்கு அனுப்பு, திருத்தித் தர்றேன், வீடியோவை மாயவரம் அக்கா பாப்பாங்க. நாகை, பாபநாசம், மன்னார்குடி பக்கம் நம்ம பசங்க வேற யாராச்சும் இதைப் படிச்சா இங்கயே கை தூக்குங்க, மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை திருவாரூர்ல உக்காந்து ஒருத்தர் செய்தியை ஒருத்தர் படிச்சுப் பாப்போம்.

ஓ.என்.ஆர்.:

நான் ஒரத்தநாடு. வர்றேண்ணே.

குடந்தை டு அட்லாண்டா:

பஸ் செலவு, ஒரு நல்ல மைக், இது ரெண்டும் என் பொறுப்பு. இங்க இருக்குற நண்பர்கள்ல ஒருத்தரை வீடியோ கால்ல பேச வைக்கவும் கேட்டுப் பாக்குறேன், காண்ட்ராக்ட், சம்பளம் பத்தி அவங்க எப்படி பேரம் பேசுறாங்கன்னு நேராவே கேட்டுக்கலாம்.