பாமாலையா, கீர்த்தனையா, புதுப் பாட்டா? பலகையில் எண் மாட்டுகிறவன் கேட்கிறேன்

தேரிக்காட்டுப் பாடகன்:

ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராம சபை எங்களுடையது, சுமார் 110 குடும்பம். மூன்று மாதமாகப் பாடகர் குழுப் பொறுப்பு என் தலையில். சனிக்கிழமை சாயங்காலம் கோவில் பலகையில் பாட்டு எண் மாட்டுவதும் நான்தான், ஞாயிறு மத்தியானம் திட்டு வாங்குவதும் நான்தான்.

பெரியவர்களுக்குப் பாமாலை, அதாவது மேல்நாட்டு மெட்டில் பாடும் ஞானப்பாட்டு, இல்லாவிட்டால் அது ஆராதனையே இல்லை. "நாலு குரலில் பாடின சபை இது" என்பார்கள். உண்மைதான், ஆனால் இன்று எங்களிடம் இருக்கும் ஒரே பேஸ் (கீழ்ஸ்தாயி ஆண்) குரல் திருப்பூரில் வேலை பார்க்கிறது, பண்டிகைக்குத்தான் வரும். வயதான அம்மாக்களுக்கு நம் ராக தாளத்தில் எழுதின கீர்த்தனை வேண்டும். வாலிபர்களுக்குக் கீபோர்டு, ரிதம் பேட், யூடியூபில் வந்த புதுப் பாட்டு.

போன மாதம் வாலிபர் ஞாயிறு அன்று ஒரு புதுப் பாட்டை அப்படியே எடுத்துப் போட்டோம். சரணத்தில் மேலே ஏறியபோது சபை மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. மைக் பிடித்த மூன்று பேர் மட்டும் பாடி முடித்தோம். வெளியே வந்ததும் ஒரு தாத்தா, "கச்சேரி நல்லா இருந்துது தம்பி" என்றார். அது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரியும்.

உங்கள் சபைகளில் எதற்கு எத்தனை பாட்டு ஒதுக்குகிறீர்கள்?

பழைய ஆர்கன்காரன்:

தம்பி, எண்ணிக்கையை விடுங்கள், முதலில் சுருதியைப் பாருங்கள். பதிவில் பாடுகிறவர் தன் தொண்டைக்கு ஏற்ற சுருதியில் பாடியிருப்பார். சபை ஏன் அதில் பாட வேண்டும்? பாட்டின் உச்ச ஸ்வரம் மேல் ஸ்தாயி டி-யைத் தாண்டினால் எங்கள் கோவிலில் பாதிப் பெண்கள் நிறுத்திவிடுவார்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் எதற்கு இருக்கிறது? மூன்று கட்டை இறக்குங்கள். உங்கள் வாலிபர் ஞாயிறு அங்கேதான் கவிழ்ந்திருக்கும்.

பாமாலையிலும் ஒரு சிக்கல் உண்டு. நாற்பது வருடம் அதையே வாசித்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். ஆங்கில மெட்டுகள் பலவும் தாளத்தின் தட்டு விழுவதற்கு முன்னாலேயே ஓரெழுத்தில் தொடங்கும். ஆங்கிலத்தில் ஏதாவது ஒரு சின்னச் சொல் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தமிழில் மோனை நிற்பது முதலெழுத்தில். அதைத் தட்டில்லாத இடத்தில் தள்ளிவிட்டு இரண்டாம் எழுத்தில் அழுத்துவோம், குறிலை நெடிலாக இழுப்போம். வாசித்தால் புரிகிற வரி, பாடினால் புரியாது. ஆகவே பாமாலை தேர்ந்தெடுக்கும்போது வரியை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். சொல் உடையாத பாட்டுகள் நிறைய இருக்கின்றன. கல்லறைத் தோட்டத்தில் புத்தகமே இல்லாமல் சனம் பாடுகிறதே, பெரும்பாலும் அவைதான்.

பாமாலையை வெள்ளைக்காரன் பாட்டு என்று வாலிபர்கள் சொன்னால், ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது 1706-இல் என்று சொல்லுங்கள். முந்நூறு வருடம் நம் வாயில் கிடந்தது நம்முடையது ஆகாதா?

தஞ்சைக் கீர்த்தனைப் பிரியன்:

ஆர்கன் அண்ணாச்சி சொன்ன எழுத்துச் சிக்கல் கீர்த்தனையில் கிடையாது. தமிழில் யோசித்துத் தமிழ் தாளத்தில் எழுதியது அது. ஆனால் எங்களுக்கு வேறொரு நோய். புத்தகத்தில் பாட்டின் தலையில் சங்கராபரணம், ஆதி தாளம் என்று அச்சடித்திருக்கும். ஹார்மோனியம் வந்து கமகத்தை, அந்த ஸ்வர அசைவை எல்லாம் தின்றுவிட்டது. இப்போது கேட்டால் வெறும் மேஜர் ஸ்கேல். தோடிக் கீர்த்தனையை ரிதம் பேடோடு கேட்டால் அழுகை வரும், பக்தியில் அல்ல.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. கீர்த்தனை எழுதிய வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பாளையங்கோட்டையில் பிறந்து, தஞ்சையில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னர் ஆதரித்த புலவரானவர். 1820-களில் புதிதாக வந்த மிஷனெரிகள் ஆராதனையிலிருந்து தமிழ்ப் பாட்டையும் இசையையும் நீக்கினார்கள் என்று கொதித்து எழுதினார். அதே மூச்சில் வேத வசனத்தை மாற்றியது, பண்டிகையில் பூ வேண்டாம் என்றது, சாதிகளைக் கட்டாயமாகச் சேர்த்து உட்காரவைத்தது ஆகியவற்றையும் கொடுமைகளாகச் சேர்த்தார். பாட்டுக்காக அவரைக் கும்பிடுகிறேன். கடைசியாகச் சொன்னதைப் படிக்கும்போது தலை குனிகிறது.

அரசரடி மாணவன்:

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறேன். பாடகன் அண்ணன் மூன்று கட்சி சொன்னார். நாலாவது கட்சி பலகைக்கே வரவில்லை. உங்கள் சபையில் வயலில் நாற்று நட்ட பெண்கள் இருப்பார்கள்தானே? அவர்களுடைய மெட்டு எங்கே?

மதுரை அரசரடியில் இருக்கும் எங்கள் இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு, 'பறட்டை' என்றால் பலருக்கும் தெரியும், நாட்டுப்புற இசையிலேயே முழு ஆராதனை முறையும் அமைத்தார். கர்நாடக ராகத்துக்குப் படிப்பு வேண்டும், கீபோர்டுக்குப் பணம் வேண்டும். நாட்டுப்புற மெட்டைப் பாடுகிறவரே மாற்றிக்கொள்ளலாம், தப்பென்று சொல்ல ஆள் கிடையாது. பறையைக் கோவிலுக்குள் எடுத்தால் "சாவு மேளம்" என்று முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பில் இசை ரசனை எவ்வளவு, சாதி எவ்வளவு என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பூசைக்குப் போகிறவள்:

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒரு தகவல். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, குழல் ஆர்கனை உயர்த்திச் சொன்ன கையோடு அந்தந்த மக்களின் இசை மரபுக்கும் உரிய இடம் கொடுக்கச் சொன்னது. எங்கள் பங்கில் தபேலா அதற்கு அப்புறம் சீக்கிரமே வந்துவிட்டது. பறை இன்னும் திருவிழா ஊர்வலத்தோடு வாசலில் நின்றுவிடுகிறது.

தேரிக்காட்டுப் பாடகன்:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதம், அசனப் பண்டிகை (சபை முழுதும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) வேலை.

அசனத்துக்கு முந்தின ராத்திரி காய் வெட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கத்தரிக்காய் மலைபோல் கிடந்தது. அம்மாக்கள் ஒரு கீர்த்தனை எடுத்தார்கள், ஒருத்தி அண்டாவைக் கவிழ்த்துத் தட்டினாள். கீபோர்டு வாசிக்கும் பையனும் விறகு அடுக்குவதை விட்டுவிட்டு வந்து பாடினான். கைபேசியில் சுருதி பார்த்தேன். நாங்கள் கோவிலில் வாசிப்பதைவிட நாலு கட்டை கீழே! அண்ணாச்சி மூன்று என்றார், எங்கள் ஊருக்கு நாலு.

தாளமும் புத்தகத்தில் போட்டிருக்கும் தாளம் இல்லை. மாணவன் தம்பி கேட்ட மெட்டு அதற்குள்தான் ஒளிந்திருந்ததோ என்னவோ.

வருகிற ஞாயிறுக்கு இப்படி வைத்திருக்கிறேன்: தொடக்கத்தில் சொல் உடையாத ஒரு பாமாலை, பிரசங்கத்துக்கு முன் அந்தக் கீர்த்தனை, அதே சுருதியில், அண்டா தட்டிய அக்காவையே தொடங்கச் சொல்லி. காணிக்கைக்கு வாலிபர்களின் புதுப் பாட்டு, இறக்கிய சுருதியில். அக்கா மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அண்டா கேட்டாள். அதற்குப் போதகர் ஐயரிடம் இன்னும் அனுமதி வாங்கவில்லை.