ரெண்டு லட்சத்துக்கு மேல வாட்ச்: மூவ்மெண்ட் பார்த்துத்தான் வாங்கோணுமா?

நொய்யல்கரை:
இந்த வெலைக்கு வாங்கறவங்க மொதல்ல மூவ்மெண்ட்டைத்தான், அதாவது உள்ள ஓடற மெஷினைத்தான், பார்க்கோணும். பல கம்பெனி வாட்ச்ல இருக்கற ஈடிஏ 2824 மூவ்மெண்ட் முழுசாச் சாவி குடுத்தா 38 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழட்டி வெச்சா ஞாயித்துக்கிழமை காலையில நின்னு போயிரும். டியூடர் வாட்ச் கம்பெனியோட சொந்த மூவ்மெண்ட் எம்டி5602-ன்னா 70 மணி நேரம். திங்கக்கிழமை மத்தியானமும் ஓடிட்டிருக்கும். அதுல ஹேர்ஸ்பிரிங் (ஓட்டத்தைச் சீரா வெக்கற மெல்லிசுச் சுருள்) சிலிக்கான், காந்தம் புடிக்காது. அடுத்தவங்க மூவ்மெண்ட்டைப் போட்டு விக்கறதுக்கு எதுக்குங்க இத்தனை காசு?

பவானிக்கூடல்:
அடுத்தவங்க மூவ்மெண்ட்னா மட்டமாங்க? 1988-ல வந்த ரோலக்ஸ் டேடோனாவுக்குள்ள இருந்தது ஜெனித் கம்பெனியோட எல் பிரிமேரோ மூவ்மெண்ட். மணிக்கு 36,000 துடிப்பை 28,800 ஆக்கி, பேலன்ஸ் வீலை (முன்னும் பின்னும் ஆடற சக்கரத்தை) மாத்தி, 2000 வரைக்கும் போட்டாங்க. இன்னிக்கும் அதைத் தேடிப் புடிச்சு வாங்கறாங்க.

நம்ம பக்கம் வாட்ச் கெடறது எதனாலன்னு பாருங்க. சாயப்பட்டறையில குளோரின் பட்டா ஸ்டீலையே குழி குழியா அரிக்கும். கிரவுன்ல (சாவி குடுக்கற திருகுல) தண்ணி போகாம அடைக்கற கேஸ்கெட் வளையம் காஞ்சு வெடிச்சா வேர்வை உள்ள போயிரும். அப்புறம் எந்த மூவ்மெண்ட்டா இருந்தாலும் துருதான். 2824-ஐப் பிரிச்சு எண்ணெய் போடத் தெரிஞ்ச கை கோயமுத்தூர்லயே கெடைக்கும். கம்பெனியோட சொந்த மூவ்மெண்ட்னா பெரும்பாலும் அவங்க சென்டருக்குத்தான் அனுப்போணும்.

நொய்யல்கரை:
கேஸ்கெட் விஷயம் ஒத்துக்கறேங்க. ஆனா 2824-லயே தரம் பிரிச்சுத்தான் வருது. ஸ்டாண்டர்டை ரெண்டு நிலையில (வாட்சைத் திருப்பி வெக்கற விதத்துல), எலாபரேட்டடை மூணு நிலையில, டாப்பை அஞ்சு நிலையில வெச்சு ஓட்டம் சரி பண்றாங்க. டாப்ல பேலன்ஸ் வீலும் மெயின்ஸ்பிரிங்கும் (சாவி ஏத்தற சுருளும்) வேற. டயல்ல இது எழுதியிருக்காது. எந்தத் தரம்னு கேக்காம எப்படிங்க காசைக் குடுக்கறது?

காங்கயத்தான்:
பழைய வாட்ச் வாங்கறவங்களுக்கு ஒண்ணு. மோட்டார், ஸ்பீக்கர் பக்கத்துல இருந்த வாட்ச் திடீர்னு நாளைக்குச் சில நிமிஷம் முந்தி ஓடுனா, ஹேர்ஸ்பிரிங் சுருள் காந்தம் ஏறி ஒட்டியிருக்கும். காந்தம் எடுத்தாப் போதும், பிரிக்க வேண்டாம்.

அப்புறம் டைம்கிராஃபர்ல (ஓட்டத்தை அளக்கற மெஷின்ல) வெச்சுக் காட்டச் சொல்லுங்க. முழுச் சாவி, டயல் மேல பார்த்து, வீச்சு (பேலன்ஸ் வீல் ஆடற அளவு) 270 டிகிரிக்கு மேல வரோணும். 250-க்குக் கீழ வந்தா எண்ணெய் காஞ்சிருக்கும், சர்வீஸ் செலவு இருக்குது. வீச்சைக் கணக்குப் போட மெஷின்ல குடுக்கற லிஃப்ட் ஆங்கிள்ங்கற கோணம் 2824-க்கு 50. மெஷினை 52-லயே விட்டா வீச்சைப் பத்து டிகிரி கூடக் காட்டும், அதையும் பார்த்துக்கங்க.

பவானிக்கூடல்:
அதோட தண்ணி உள்ள போகுமான்னு பார்க்கற காத்தழுத்தச் சோதனையும் கேளுங்க. லீக் இருந்தா கிரவுன் டியூப், கேஸ்கெட் மாத்தற செலவை வெலையில கழிச்சிட்டுப் பேசுங்க.