அழகர்மலைப் பாதையில் முள் சிலந்தி: நீங்களும் பார்த்திருக்கிறீர்களா?

போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை. நூபுர கங்கையில் குளித்துவிட்டு நடந்தே இறங்கினோம். குரங்குக்குப் பயந்து தேங்காய்ப் பையை நெஞ்சோடு அணைத்தபடி முன்னால் போன தங்கை சட்டென்று நின்றாள். "அண்ணே, பஞ்சு மிதக்குது பாருங்க." அந்தரத்தில் வரிசையாக வெள்ளைப் பொட்டுகள். தலையைச் சாய்த்து வெயிலுக்கு எதிரே பார்த்த பிறகுதான் நூல் தெரிந்தது. பாதைக்குக் குறுக்கே, முக உயரத்தில், இரண்டு புதர்களுக்கு நடுவே சக்கர வலை.

நடுவில் இருந்ததை நெருஞ்சி முள் என்றே நினைத்தேன். ஊதினேன், கால் அசைந்தது! சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். சிலந்தி என்றால் மெத்தென்ற உருண்டை வயிறு என்று பழகிய கண்ணுக்கு இது புதிது. உடம்பு நீளத்தைவிட அகலம் அதிகம், நண்டு ஓடு போலக் கெட்டி. வெளிர் மஞ்சளில் கரும்பழுப்புப் பட்டைகள். ஓரங்களில் ஆறு முட்கள். சோழிக்கு முள் முளைத்தால் இப்படித்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து போனில் படத்தைப் போட்டேன். அமெரிக்கக் கண்டத்தில் வாழும் 'கேன்கிரிபார்மிஸ்' என்று வந்தது. அழகர்மலைக்கு அது எப்படி வரும்? பட்டைகளை ஒப்பிட்டுத் தேடியதில் 'கேஸ்டெரகாந்தா ஜெமினேட்டா' பொருந்தியது. இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளது. 1798இலேயே பூச்சியியல் அறிஞர் பெப்ரிசியஸ் பெயர் வைத்துவிட்டார். முன்பாதிப் பெயருக்குக் கிரேக்கத்தில் 'முள் வயிறு' என்று பொருளாம். நான் பார்த்தது பெண். ஆண் அதைவிட மிகச் சிறியது, முள்ளும் பேருக்குத்தான். அந்தப் பஞ்சுப் பொட்டுகளையும் சிலந்தியே நூலில் வைக்கிறது. பறவைகள் தெரியாமல் மோதி வலையைக் கிழிக்காமல் இருக்க என்பது ஒரு விளக்கம். எங்கள் முகம் தப்பியது அதனால்தான்.

*

அண்ணே, ஒத்தக்கடையில் எங்கள் எலுமிச்சைச் செடியில் ஒன்று இருந்தது. நீங்கள் சொன்னதுதான் என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். முள்ளைக் காணோம். கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து பெருக்கல் குறி மாதிரி உட்கார்ந்திருக்கிறது, வலை நடுவில் வளைந்து வளைந்து வெள்ளைத் தையல் வேறு. அது கையெழுத்துச் சிலந்தியாம். சரி, என் கணக்கில் முள் சிலந்தி இன்னும் பாக்கி.

*

மேலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மழைக்குப் பிறகு வேலியோரம் இருக்கும், நிழலும் வெயிலும் கலந்து விழுகிற இடமாகப் பார்த்து. ஒரு தடவை வலையோடு சட்டைக் காலருக்குள் விழுந்துவிட்டது. பதறித் தட்டியதில் கழுத்தில் சுருக்கென்றது. கடிக்கவில்லை, முள்தான் குத்தியது. கடித்தாலும் மனிதர்களுக்கு ஆபத்தில்லாத சாது அது. அப்பத்தாவிடம் சொன்னால் கேட்கிறாரா? "பூச்சிக்கடிடா" என்று வேப்பிலையை எடுத்துவிட்டார். அப்புறம் மூன்று நாள் எனக்குக் கத்தரிக்காய், கருவாடு கிடையாது.