மெஸ்ஸில் பாத்திரம் கழுவ டேங்க் இல்லாத கேஸ் கீசர் போதுமா?

கோவை_மெஸ்:
வணக்கம். சின்ன மெஸ், மதியம் இருநூறு சாப்பாடு போகும். எல்லாம் எவர்சில்வர் தட்டு, குருமா எண்ணெய் பச்சைத் தண்ணீரில் போகவே மாட்டேன் என்கிறது, பாத்திரம் தேய்க்கிற அக்காக்கள் சோப்புத்தூளை அள்ளிக் கொட்டுகிறார்கள். இப்போதைக்கு அண்டாவில் காயவைத்துத் தூக்கிப்போய் ஊற்றுகிறோம், ஒரு அடுப்பு அதற்கே போய்விடுகிறது. கடைக்காரர் வீட்டுக்குப் போடுகிற 6 லிட்டர் கேஸ் கீசரே போதும் என்கிறார். பெரிய சிங்க் 100 லிட்டர் பிடிக்கும், போர் தண்ணீர். அடுத்த வருடம் டிஷ்வாஷர் மெஷின் வாங்கும் யோசனையும் உண்டு. யாராவது போட்டிருக்கிறீர்களா?

பைப்லைன்_ஈரோடு:
அந்த 6 லிட்டர் என்பது நிமிடத்துக்கு, அதுவும் தண்ணீர் 25 டிகிரி சூடேறினால் வரும் கணக்கு. உங்கள் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி, சிங்க்குக்கு 55 வேண்டும் என்றால் ஏற்ற வேண்டியது 30, அப்போது 5 லிட்டர்தான் வரும், சிங்க் நிறைய இருபது நிமிடம். மதிய நெரிசலில் யார் காத்திருப்பார்கள்? ஊட்டியில் இதே கீசரைப் போட்டால் இன்னும் குறைந்துவிடும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வேண்டுமென்றால் சுமார் 21 கிலோவாட் சூடு தேவை, அதனால் பெரிய மாடல் பாருங்கள், இல்லை இரண்டு சின்னதை இணையாக மாட்டுங்கள், ஒன்று ரிப்பேரானாலும் வேலை நிற்காது.

கோவை_மெஸ்:
நன்றி அண்ணா. கரண்ட்டில் ஓடுகிற இன்ஸ்டன்ட் கீசர் சரிவருமா?

பைப்லைன்_ஈரோடு:
வீட்டு 3 கிலோவாட் கீசர் அந்தச் சிங்க்கை நிரப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரியது போட த்ரீ பேஸ், ஈபியில் லோடு ஏற்றுவது என்று செலவு இழுக்கும். கை கழுவுகிற குழாய்க்கு வேண்டுமானால் சரி.

அடுப்படி_ஆள்:
கேஸ் என்றால் இதையும் கேளுங்கள். பட்டி அடுப்புக்குப் போகிற ஹை பிரஷர் லைனில் கீசரை நேரே மாட்டவே கூடாது, தனி லோ பிரஷர் ரெகுலேட்டர் வேண்டும். சிலிண்டரும் 19 கிலோ கமர்ஷியல்தான், வீட்டுச் சிலிண்டரை மாட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த 19 கிலோவில் மேலே சொன்ன கணக்குப்படி ஐயாயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல் காயும், தினம் எவ்வளவு செலவாகும் என்று இப்போதே போட்டுப் பார்த்துவிடுங்கள். கீசரைக் காற்றில்லாத மூலையில் மாட்டாதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனையே தராது, குளியலறை கீசரில் ஆட்கள் செத்த செய்தி வருடா வருடம் வருகிறது. வெளிச்சுவரில் மாட்டி, குழாயை மட்டும் உள்ளே விடுங்கள்.

சிறுவாணித்_தண்ணி:
எனக்கு போர் தண்ணீர்தான் பயம். சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் என்றால் கவலையே இல்லை, ஆனால் உப்புத் தண்ணீர் கீசருக்குள் இருக்கிற மெல்லிய செம்புக் குழாயில் சுண்ணாம்பாகப் படிந்து, முதலில் தண்ணீர் குறையும், அப்புறம் சூடு குறையும், அப்புறம் குழாயே ஓட்டையாகும். முன்னால் ஒரு சாஃப்ட்னர், அதாவது தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பை எடுக்கிற கருவி, போடுங்கள். இரண்டு பக்கமும் வால்வு வைத்து மாட்டச் சொன்னால் சிட்ரிக் ஆசிட் விட்டுச் சுற்றவைத்துக் கழுவலாம், கழற்ற வேண்டாம். இதைச் சொல்லாமல் விட்டால் பிளம்பர் வைக்க மாட்டார்.

பைப்லைன்_ஈரோடு:
மெஷின் விஷயம் விட்டுப்போச்சு. சுடுதண்ணீரில் கிருமி நீக்குகிற மெஷினுக்குக் கடைசி அலசல் 82 டிகிரி வேண்டும், சின்ன கேஸ் கீசரை அதற்கு நம்பாதீர்கள். பெரும்பாலான மெஷின்களில் உள்ளேயே பூஸ்டர் ஹீட்டர் இருக்கும், நீங்கள் 55 கொடுத்தால் மீதியை அதுவே ஏற்றிக்கொள்ளும். வாங்குவதற்கு முன் உள்ளே வர வேண்டிய தண்ணீர் எத்தனை டிகிரி, பிரஷர் எவ்வளவு என்று கம்பெனிக்காரரிடம் எழுதி வாங்குங்கள். மாடியில் இடம் இருந்தால் ஒரு சோலார் ஹீட்டர் போட்டு அதிலிருந்து கீசருக்குக் கொடுத்தால் கேஸ் நிறைய மிச்சமாகும், ஆனால் வருகிற சூட்டுக்குத் தகுந்தபடி தீயைத் தானே குறைத்துக்கொள்கிற மாடலா என்று பாருங்கள். மலிவான கீசர் அதைச் செய்யாது, கொதிக்கவைத்துவிட்டு அணைந்துபோகும்.

கோவை_மெஸ்:
வெளிச்சுவரில் இடம் இருக்கிறது. நாளைக்கே போர் தண்ணீரை டெஸ்டுக்குக் கொடுத்துவிட்டு, எவ்வளவு கடினத்தன்மை என்று வருகிறதோ அந்த அளவை இங்கே போடுகிறேன், எந்த சைஸ் சாஃப்ட்னர் என்று சொல்லுங்கள்.