பேட் ரிலிஜன் அடுத்த ஆல்பம்: உங்களுக்கு அதில என்ன வேணும்?

உப்புவெளி எஞ்சின்காரன்
2024 நவம்பர் 17

வணக்கம். திருகோணமலைப் பக்கம் பங்க் ரொக் கேக்கிற ஆக்கள் ரெண்டு மூண்டு பேராவது இஞ்ச இருக்கிறியள் எண்டு பழைய பதிவுகளில கண்டனான். அந்தத் துணிவில கேக்கிறன். அமெரிக்கப் பங்க் ரொக் பாண்ட் பேட் ரிலிஜன் அடுத்த ஆல்பம் போட்டா அதில என்ன இருக்க வேணும் எண்டு நினைக்கிறியள்?

கடைசியா வந்த 'ஏஜ் ஒஃப் அன்ரீசன்' 2019 மே 3. அஞ்சரை வருசமாப் போச்சு. அதுக்கு முந்தின 'ட்ரூ நோர்த்' 2013. அப்பவும் ஆறு வருசம் பொறுத்தனாங்கள், அதால நான் நம்பிக்கையை விடேல்ல. ஆனா இந்த மாதம் 6ஆம் திகதி அவையின்ர பாடகர் கிரெக் கிராஃபினுக்கு 60 வயசு. அமெரிக்கத் தேர்தல் முடிவு வந்த அதே நாள். 1980இல லொஸ் ஏஞ்சலிசில பள்ளிக்கூடப் பொடியங்களாத் தொடங்கினவை. பாடுற ஆள் பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில கலாநிதிப் பட்டம் எடுத்து, பிள்ளையளுக்குக் கூர்ப்பு (பரிணாமம்) பாடமும் படிப்பிச்சவர். இனி வாற ஆல்பம் எத்தினையாவது எண்டதை விட, அதுக்குப் பிறகு இன்னும் எத்தினை வரும் எண்ட நினைப்புத் தான் எனக்குக் கூட.

என்ர முதல் ஆசை: குரல்கள் முன்னுக்கு வரவேணும்.

ஏன் எண்டு சொல்லுறன். நான் போட் எஞ்சின் திருத்திறனான். இப்ப வாடை, கடல் கொந்தளிப்பு, போட்டெல்லாம் கரையில, எஞ்சினெல்லாம் என்ர கொட்டிலில. திருத்தி முடிஞ்சதும் ஒரு இரும்புப் பீப்பாயில தண்ணி நிரப்பி, விளிம்பில பலகையை இறுக்கி, எஞ்சினை அதில கொழுவி ஓட விட்டுப் பாக்கிறது. குறைஞ்ச வேகத்தில சீரா ஓடினா அது ஒரே சுருதியில நிக்கும், தம்புரா மாதிரி. கார்பரேட்டருக்குள்ள உப்புப் பிடிச்சிருந்தா அந்தச் சுருதி ஆடும், கண்ணால பாக்க முதல் காது சொல்லிப்போடும். 2002இல, 17 வயசில மாமாவிட்ட வேலை பழகேக்க, அந்தச் சத்தத்துக்கு மேல தான் நான் பாடிப் பழகினன்.

அந்த வருசம் ஜனவரி 22 'த புரொசெஸ் ஒஃப் பிலீஃப்' வந்தது. சரியா ஒரு மாதத்தில, பெப்ரவரி 22, போர்நிறுத்த ஒப்பந்தம். ஆவணியில என்ர மச்சான் ரொறொன்ரோவில இருந்து பத்து வருசத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தான். அம்மம்மாவுக்குச் சுவெட்டர், எனக்கு அந்தச் சீடி. இஞ்ச ஆருக்கு சுவெட்டர்? ஆனா மனுசி அதை மடியில வைச்சுக்கொண்டே இருந்தவ.

அதில 'சொரோ' எண்ட பாட்டு. வெட்டி வெட்டி வாற கிட்டாரோட மெதுவாத் தொடங்கும், பிறகு பாயும், திரும்பத் திரும்ப வாற இடத்தில குரலுக்கு மேல குரலா அடுக்கி ஏறும். பங்க் எண்டா கத்துறது எண்டு மட்டும் நினைச்சிருந்தவனுக்கு அது வேற உலகம். எஞ்சின் சுருதியில கிராஃபினின்ர குரலைப் பிடிக்க எனக்கு ஒரு நாள். அதுக்கு மேல நிக்கிற குரலைப் பிடிக்க மூண்டு நாள். நடுவில நிக்கிறதை இண்டைக்கும் சரியாப் பிடிக்கேல்ல. அந்தச் சீடி 2004 மார்கழி 26 கடலோட போட்டுது. கவர்ப் புத்தகம் மட்டும் வேலிக்குள்ள கிடந்தது, தாள்கள் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் காய்ஞ்சு ஒரு மட்டை மாதிரி. இப்பவும் வேலைச் சாமான் பெட்டிக்குள்ள வைச்சிருக்கிறன்.

'ஏஜ் ஒஃப் அன்ரீசன்' நல்ல ஆல்பம், நான் குறை சொல்ல வரேல்ல. ஆனா என்ர காதுக்கு அதில எல்லாம் மினுக்கித் துடைச்ச மாதிரி இருக்கு, குரல்கள் ஒண்டுக்குள்ள ஒண்டு குழைஞ்சு ஒரே சத்தமா வருது. எனக்கு வேணும் அந்த ஆக்கள் தனித்தனியா. இவர் கிட்டார் அடிக்கிற பிரெட் குரெவிட்ஸ், இவர் பேஸ் அடிக்கிற ஜே பென்ட்லி எண்டு விரல் நீட்டக் கூடிய மாதிரி.

ரெண்டாவது, கிராஃபின் தன்ர வயசில பாட வேணும். 2017இல தனியா 'மில்போர்ட்' எண்டு ஒரு நாட்டுப்புற ஆல்பம் போட்டவர், கேட்டிருப்பியள். கீழ் சுருதியில, அவசரமில்லாமல், பக்கத்துக் கதிரையில இருந்து பாடுற மாதிரி. அந்தக் குரலுக்கு ஒரு மெதுவான பாட்டாவது பாண்ட் குடுக்க வேணும்.

மூண்டாவது ஒரு கேள்வி, ஆசை இல்லை. என்னட்ட அவையின்ர ரீசேட் இருக்கு, சிலுவைக்கு மேல சிவப்புக் கோடு போட்ட அந்தச் சின்னம். மதத்தின்ர பேரால மனுசரை அடக்கிறதுக்கு எதிரானது எண்டு எனக்கு விளங்கும். ஆனா உயிர்ப்பு ஞாயிறு அண்டு தேவாலயங்களில குண்டு வெடிச்ச 2019 ஏப்ரல் 21 பின்னேரம் அதை மடிச்சு அலுமாரிக்கு அடியில வைச்சனான். பக்கத்து வீட்டு அக்கா மட்டக்களப்பில சொந்தக்காரருக்குப் போன் அடிச்சு அடிச்சுக் கிடைக்காமல் முத்தத்தில நிண்டவ. இண்டைக்கு வரைக்கும் எடுத்துப் போடேல்ல. பன்னிரண்டு நாளில புது ஆல்பம் வந்தது, அதையும் நான் கனநாள் கேக்காமல் விட்டனான். அடுத்த ஆல்பத்தை முதல் நாளே கேக்க வேணும் எண்டு இருக்கு.

---

உவர்மலை ட்ரம்ஸ்

அண்ணா, நான் ஒருத்தி இருக்கிறன்! எனக்கு 21. நீங்கள் எல்லாரும் கேசட், சீடி எண்டு வந்தனீங்கள், நான் வந்தது கேமால. 2020இல டோனி ஹோக் ஸ்கேட்டிங் கேமைப் புதுசாக்கி விட்டவங்கள் எல்லோ, அதில 'யூ' எண்ட பாட்டு. அது 1989ஆம் ஆண்டுப் பாட்டு எண்டு தேடிப் பாத்த பிறகு தான் தெரியும். என்ர அம்மா அப்ப பள்ளிக்கூடம்.

எனக்கு மெதுவான பாட்டு வேண்டாம் அண்ணா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அந்தப் பாட்டு வந்த 'நோ கன்ட்ரோல்' ஆல்பம் 15 பாட்டு, 26 நிமிசம் அளவில முடிஞ்சிடும். அந்த வேகம் தான் வேணும். வீட்டில ட்ரம்ஸ் இல்லை, ரெண்டு தலையணையும் ஒரு பிளாஸ்டிக் கதிரையும் தான். ஆனா தலையணையில அடிச்சுப் பழகினா ஒரு நன்மை, தடி திரும்பித் துள்ளாது, எல்லா அடியையும் மணிக்கட்டால தூக்க வேணும். முழு ஆல்பத்தோடயும் அடிச்சு முடிக்க எனக்கு எட்டு மாதம் எடுத்தது. கடைசிப் பாட்டில கை நடுங்கும், ஆனா நிப்பாட்ட மனம் வராது.

இன்னொண்டு. இப்ப ட்ரம்ஸ் அடிக்கிற ஜேமி மில்லர் 2015இல தான் வந்தவர், அவர் அடிச்ச முழு ஆல்பம் இதுவரைக்கும் 'ஏஜ் ஒஃப் அன்ரீசன்' ஒண்டு தான். முன்னம் இருந்த ப்ரூக்ஸ் வாக்கர்மேனுக்கு 2002இல இருந்து எத்தினை ஆல்பம் கிடைச்சது! இவருக்கும் கையை விரிச்சு அடிக்க ஒரு ஆல்பம் குடுக்க வேணும். இது என்ர நேர்த்தி மாதிரி.

---

கிண்ணியா பாதை

தம்பி, எஞ்சினோட பாடின கதை நல்லாப் பிடிச்சிச்சு. எனக்கு 51 வயசு. எங்கட நானா சவுதியில இருந்து 93இல கொண்டு வந்த கேசட்டில ஒரு பக்கம் இவங்கட 'சஃபர்' ஆல்பம், மற்றப் பக்கம் வேற ஆரோ. அப்ப கிண்ணியாவுக்குப் பாலம் இல்ல, 2009இல தானே திறந்தது. பாதை எண்டு நாங்க சொல்ற மிதவைக்குக் கரையில நிண்டு, ஏறி, மற்றக் கரையில இறங்கிறதுக்குள்ள 'சஃபர்' ஒருக்கா முழுசா முடியும். அதால எனக்கு ஒரு ஆல்பம் எண்டா இவ்வளவு நேரம் எண்டு மனசில பதிஞ்சிட்டுது. அரை மணித்தியாலத்துக்கு மேல போனா அக்கரை தாண்டிப் போன மாதிரி.

என்ட பயம் வேற. 'ஏஜ் ஒஃப் அன்ரீசன்' ட்ரம்பின்ட முதல் ஆட்சிக்கு எதிராக எழுந்த ஆல்பம். இப்ப அவர் திரும்ப வாறார். அடுத்ததும் முழுக்க அவரைப் பற்றியே எண்டா எனக்குக் கவலை. கோபப்பட வேண்டாம் எண்டு சொல்லல்ல. 1988இல வந்த 'சஃபர்' இன்னும் பழசாகாம இருக்கிறது ஏன்? அப்ப அமெரிக்காவில ஆர் ஆட்சி எண்டு தெரியாமலே கிண்ணியாவில ஒரு பொடியனுக்கு அது விளங்கிச்சு. ஒரு ஆளைத் திட்டினா அந்த ஆளோட பாட்டும் போயிடும். மனுசன் ஏன் கண்ணை மூடிக்கொண்டு கூட்டத்தோட போறான் எண்டு கேட்டா, அது எந்த ஊருக்கும் வரும்.

2019 மே மாதம் நீங்க கேக்காம விட்டீங்க. நான் கேட்டன். போனில சமூக வலைத்தளங்கள் திரும்பத் திறந்து சில நாள். வேலைக்கு டவுனுக்கு வாற வழியில பஸ்ஸை நிப்பாட்டி, எல்லாரையும் இறக்கி, பை பாப்பாங்க. என்ட சோத்துப் பார்சலை ஒருவர் பிரிச்சுப் பாத்து, திரும்ப மடிக்கத் தெரியாம என்ட கையில தந்தார். கோபம் வரல்ல, அவருக்கும் பயம் எண்டு முகத்தில தெரிஞ்சிச்சு. மனைவி அந்த மாதம் முழுக்க வாசலைத் தாண்டல்ல. 'ஏஜ் ஒஃப் அன்ரீசன்', பகுத்தறிவு கெட்ட காலம் எண்டு கலிபோர்னியாவில ஒரு மனுசன் பேர் வெச்சதை நான் அந்த வரிசையில நிண்டு, ஒரு காதில மட்டும் வயரைச் செருகிக்கொண்டு கேட்டன். எங்கள ஆரோ கண்டு எழுதின மாதிரி இருந்திச்சு. அதனால அந்த ஆல்பத்தில மினுக்கம் கூட எண்டு நீங்க சொன்னாலும் என்னால அதக் குறைச்சுச் சொல்ல ஏலாது.

---

உப்புவெளி எஞ்சின்காரன்

நானா, இதுக்கு நான் என்ன பதில் எழுத. இண்டைக்கு இரவு திரும்ப ஒருக்கா முழுசாக் கேக்கிறன், வயரை ரெண்டு காதிலயும் செருகாமல்.

தங்கச்சி, வேகம் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. பதினாலு பாட்டில ஒண்டு மெதுவா வரட்டும். மற்றப் பதின்மூண்டும் உங்களுக்கு.

---

ஆல்டோ வரிசை

நான் கோயில் பாடகர் குழுவில இருபது வருசத்துக்கு மேல ஆல்டோ பாடுறன். தம்பி பிடிக்க ஏலாமல் இருக்கிற நடுக்குரல் என்ர குரல் தான், அதால எழுதாமல் இருக்க முடியேல்ல.

கீழ ச, மேல ப எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. நடுவில நிக்கிறது க. ச-வையும் ப-வையும் ஆரும் பிடிச்சிடுவினம், ரெண்டும் கல்லு மாதிரி நிக்கும். க தான் ஆடும். அது கொஞ்சம் ஏறி நிண்டா பாட்டு வெளிச்சமா இருக்கும், அரைச் சுரம் இறங்கினா அதே பாட்டு அழும். எங்களுக்குச் சொல்லித் தந்த சிஸ்டர் மற்ற ரெண்டு வரிசையையும் பாட விட்டு, எங்களை வாய் மூடி ஹம் பண்ண வைப்பா. சொல்லை விட்டா சுரம் கேக்கும். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கோ: எஞ்சின் ச-வில நிண்டா வாய் திறக்காமல் க-வைத் தேடுங்கோ.

கிராஃபின் சின்ன வயசில பள்ளிக்கூடப் பாடகர் குழுவில பாடினவர். 2013இல அவை நத்தார்ப் பாட்டுகளை மட்டும் வைச்சு ஒரு சின்ன ஆல்பம் போட்டவை, தெரியுமா? பழைய கரோல் எல்லாம், வேகமா, ஆனா குரல் அடுக்கு ஒண்டும் குறையாமல். வருமானத்தில 20 வீதத்தைக் குருமாரால துஷ்பிரயோகம் செய்யப்பட்ட ஆக்களுக்கான அமைப்புக்குக் குடுத்தவை. பேரைக் கேட்டே முகத்தைத் திருப்பின எனக்கு அதுக்குப் பிறகு தான் இவையைக் கேக்க மனம் வந்தது. 'சொரோ' பாட்டு யோபுவின்ர கதை எண்டு கண்டுபிடிச்ச அண்டைக்கு வேதாகமத்தை எடுத்து யோபு ஆகமத்தை முழுக்க வாசிச்சன். கடவுள் நம்பிக்கை இல்லாத ஆக்கள் யோபுவின்ர கேள்வியை எங்களை விடக் கவனமாக் கேட்டிருக்கினம். அடுத்த ஆல்பத்தில எனக்கு வேணும் அது தான்: எதிர்க்கிற பாட்டோட, துக்கப்படுற பாட்டும்.

அந்த ரீசேட்டைப் பற்றி. அண்டைக்கு நான் உயிர்ப்பு ஞாயிறுப் பூசையில பாடிப்போட்டு வீட்டை வந்து தான் செய்தி கேட்டனான். நீங்கள் அதை மடிச்சு வைச்சதுக்கு நன்றி. இப்ப போடுங்கோ எண்டு என்னால சொல்ல ஏலாது, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அந்தச் சின்னத்தின்ர விளக்கத்தை ஒரு முத்தத்தில நிண்டு சொல்லி முடிக்கேலாது. ஆனா எறிஞ்சிடாதேங்கோ. அதைப் போட்டவை கரோலும் பாடினவை.

---

உவர்மலை ட்ரம்ஸ்

அக்கா, வாய் மூடி ஹம் பண்ணிப் பாத்தன். எனக்கு ப மட்டும் தான் வருது.

---

உப்புவெளி எஞ்சின்காரன்

அக்கா, இண்டைக்கு 25 குதிரைவலு எஞ்சின் ஒண்டை ஓட விட்டு, வாயை மூடிக்கொண்டு தேடினன். கொஞ்ச நேரம் எங்க நிக்கிறன் எண்டே தெரியேல்ல. பிறகு மூக்கெலும்பில ஒரு அதிர்வு வந்தது, எஞ்சின் சத்தமே தடிச்ச மாதிரி. எண்ணி நாலு செக்கன் இருக்கும். அந்த எஞ்சினுக்குச் சொந்தக்காரர், போட்காரர், என்னையே பாத்துக்கொண்டு நிண்டவர். பரவாயில்லை.

நானா சொன்னதையும் யோசிச்சன். ஒரு ஆளைத் திட்டாமல், மனுசனைக் கேக்கிற பாட்டு. அதோட அக்கா கேட்ட துக்கம். நான் குரலை முன்னுக்கு வைக்கச் சொன்னது மிக்ஸிங் பற்றி எண்டு தான் நினைச்சு எழுதினனான். இப்ப பாத்தா நாங்கள் மூண்டு பேரும் ஒரே இடத்தைத் தான் கேக்கிறம் போல. தங்கச்சியின்ர வேகத்தையும் சேர்த்துத் தான்.

ஞாயிறு பூசை முடிய ஆருக்கும் நேரம் இருந்தா கொட்டிலுக்கு வாங்கோ. நானா, பஸ்ஸில வந்தா உப்புவெளிச் சந்தியில இறங்கினாப் போதும், நான் வந்து கூட்டிக்கொண்டு போறன். தங்கச்சி, வெறும் பீப்பாய் ரெண்டு இருக்கு, ஒண்டை நீங்கள் அடிக்கலாம், தலையணை கொண்டு வரத் தேவையில்லை. சனிக்கிழமை 15 குதிரை எஞ்சின் ஒண்டு ஏத்துறன். அது எந்தச் சுருதியில நிக்கும் எண்டு ஓட விட்டாத் தான் தெரியும். அக்காவுக்கு உயரமா இருந்தா ஐட்லிங் திருகாணியைக் கொஞ்சம் தளத்தி இறக்கித் தாறன்.